சுவிட்சைத் தொடாமலே நெட்வொர்க் படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் தமிழ் நாளிதழ்கள் எல்லாமே கல்வி வழிகாட்டி இணைப்பு போடுகின்றன, நீங்களும் போடுகிறீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கு இரண்டு பக்கம், டேட்டா சயின்ஸுக்கு ஒரு பக்கம் என்று போகும், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் வந்தால் மட்டும் 'சி.சி.என்.ஏ. முடித்தால் உடனடி வேலை' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரமும் இருக்கும். சி.சி.என்.ஏ. என்பது நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் தருகிற தொடக்கநிலைச் சான்றிதழ். நான் சென்னையில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளை நேர்காணல் செய்கிற வேலையும் என் தலையில்தான். அந்த ஒற்றை வரியை நம்பிப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களை எதிரில் உட்காரவைத்துப் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் நடுவில் வருகிற பண விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் கேட்பதெல்லாம் பெரிய கேள்விகள் இல்லை. ஒரு லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் ஐ.பி. முகவரி வந்திருக்கிறது, என்ன நடந்திருக்கும்? முகவரி கொடுக்கிற டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் கணினி தானாகவே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது. எனவே முதலில் கேபிளைப் பார், பிறகு சுவிட்சில், அதாவது கணினிகளை இணைக்கிற பெட்டியில், கேபிள் செருகியிருக்கும் போர்ட்டைப் பார், அந்த போர்ட் சரியான விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருக்கிறதா என்று பார், அப்புறம் சர்வருக்குப் போ. இன்னொன்று: 192.168.10.70, 192.168.10.130 என்று இரண்டு கணினிகள், இரண்டுக்கும் /26, இவை ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? /26 என்றால் முகவரியின் கடைசி எண்ணை அறுபத்து நாலு அறுபத்து நாலாக வெட்ட வேண்டும், முதலாவது 64க்கும் 127க்கும் இடையில் விழுகிறது, இரண்டாவது 128க்கும் 191க்கும் இடையில், ஆக ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழிவிடுகிற ரவுட்டர் நடுவில் இல்லாமல் இரண்டும் பேசிக்கொள்ளாது. தாளும் பேனாவும் இருந்தால் ஒரு நிமிடக் கணக்கு. இதற்கு முழிக்கிற அதே பிள்ளை, நெட்வொர்க் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிற ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நான்காவது அடுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் மறுபடி பெயரையே சொல்லும்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்துக்கான ஆய்வகப் பயிற்சிகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நிரல் எழுதுவதுதான்: டி.சி.பி. சாக்கெட்டில் எக்கோ கிளையன்ட், சாட் நிரல், யு.டி.பி.யில் டி.என்.எஸ். போல ஒரு நிரல், ஏ.ஆர்.பி. போல ஒரு நிரல், சி.ஆர்.சி. கணக்கு, என்.எஸ். சிமுலேட்டரில் நெரிசல் கட்டுப்பாடு. நெட்வொர்க்கில் ஓடுவதைப் பார்க்கிற டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், ட்ரேஸ்ரூட், வயர்ஷார்க் ஆகிய கருவிகளும் இருக்கின்றன, அது நல்ல விஷயம், மறுக்கவில்லை. மென்பொருள் எழுதப் போகிறவருக்கு இந்தப் பட்டியல் பொருத்தமானதுதான். ஆனால் ஒரு சுவிட்சில் இரண்டு விலேன் போடு, இரண்டையும் ஒரே கேபிளில் சுமக்கிற ட்ரங்க் போர்ட் அமை, இரண்டு ரவுட்டருக்கு நடுவில் வழி கண்டுபிடிக்கிற நெறிமுறையான ஓ.எஸ்.பி.எஃப். ஓடவிடு, நான் ஒரு கேபிளைப் பிடுங்குகிறேன், என்ன மாறுகிறது என்று சொல், இப்படி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் கிடையாது. நெட்வொர்க் பாடத்தில் நல்ல கிரேடு வாங்கிய மாணவர், சுவிட்சையும் ரவுட்டரையும் அமைக்க நேரடியாகச் செருகுகிற கன்சோல் கேபிளைப் பார்த்ததே இல்லை என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பட்டியலுக்கு வெளியேயும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் படித்த பிள்ளைகள் நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார்கள்.

இந்த இடைவெளியில்தான் பயிற்சி மையங்கள் கடை போடுகின்றன. நன்றாக நடத்துகிறவர்களும் உண்டு, எனக்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது 'சி.சி.என்.ஏ., சி.சி.என்.பி., ஃபயர்வால், கிளவுட், எல்லாம் சேர்த்து ஆறு மாதம், நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று மொத்தமாகக் கட்டி விற்கிறவர்களை. சி.சி.என்.பி. என்பது சி.சி.என்.ஏ.வுக்கு அடுத்த படிச் சான்றிதழ். லட்சம் ரூபாய் வரை கேட்கிறார்கள், அதையும் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன.

அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சிஸ்கோ நிறுவனம் 2020 பிப்ரவரி 24 அன்று தன் சான்றிதழ் முறையையே மாற்றியது. அதற்கு முன்பு சி.சி.என்.ஏ.வில் ரவுட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று பல பிரிவுகள், இரண்டு தாளாகப் பிரித்து எழுதும் வழியும் இருந்தது. அதை 200-301 என்ற ஒரே தேர்வாக்கினார்கள், 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், வரி தனி, இன்றைய நிலவரத்தில் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பயிற்சி மையத்தில் நீங்கள் கட்டுகிற பணத்தில் இது அடங்கியிருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. சான்றிதழுக்கு ஆயுள் மூன்று ஆண்டு, அதற்குள் மறுபடி தேர்வு எழுதியோ தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்தோ புதுப்பிக்க வேண்டும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அதே 2020 மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. சி.சி.என்.பி. எழுத முன்பு சி.சி.என்.ஏ. கட்டாயம், அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் நேராக எழுதட்டும் என்று வைத்த கதவு அது, மூன்று முதல் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கான தேர்வு என்றுதான் சிஸ்கோவே சொல்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் நேற்று கல்லூரி முடித்தவரைத் தள்ளிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் சி.சி.என்.பி. என்று போட்டிருந்தால் நான் பி.ஜி.பி.யில், அதாவது பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்கிற நெறிமுறையில், ஆரம்பிப்பேன். லோக்கல் பிரிஃபரன்ஸ் எங்கே வேலை செய்யும், ஏ.எஸ். பாத்தை நீட்டினால் என்ன ஆகும் என்று இரண்டே கேள்வி, பையன் வியர்த்துவிடுவான். சி.சி.என்.ஏ. மட்டும் போட்டு வந்திருந்தால் அவனை நான் எடுத்திருக்கக்கூடும். பெரிய சான்றிதழைக் காட்டி வந்ததால் அதற்கேற்ற கேள்வி, அதனாலேயே வேலை போய்விட்டது. அப்புறம் 'டம்ப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, தேர்வில் வரும் கேள்விகளையே பதிலோடு விற்பது. அதை மனப்பாடம் பண்ணி எழுதுவது சிஸ்கோவோடு போடுகிற தேர்வு ஒப்பந்தத்துக்கே எதிரானது, பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்வார்கள். பிடிபடாவிட்டாலும் எங்கள் மேசைக்கு வரும்போது தெரிந்துவிடும்.

சரி, பணம் கட்டாமல் எப்படிப் படிப்பது? சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி 1997 முதல் இருக்கிறது, அதில் பதிவு செய்தால் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம், பல பாடங்களும் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதில் சுவிட்ச், ரவுட்டர், சர்வர் எல்லாம் இழுத்துப் போட்டு இணைக்கலாம், நிஜமான ரவுட்டரில் அடிக்கிற அதே கட்டளைகளை அடிக்கலாம். கொஞ்சம் நல்ல கணினி இருந்தால் ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. என்று அடுத்த கட்டம் இருக்கிறது. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். நிஜக் கருவியைக் கையில் தொட்டே ஆக வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருவில் சிஸ்கோவின் பழைய 2960 சுவிட்ச் தேடிப் பாருங்கள், இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம், இரைச்சல் அதிகம், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

படிக்கிற முறைதான் முக்கியம். வீடியோவைப் பார்த்து அப்படியே அமைத்து, பிங் (இரண்டு கணினிகள் பேசிக்கொள்கின்றனவா என்று பார்க்கிற சோதனை) போனதும் மூடிவைத்துவிடுகிறார்கள். பிங் போன பிறகுதான் பாடமே தொடங்குகிறது. நீங்களே அதைக் கெடுங்கள். ட்ரங்கில் ஒரு விலேனை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஒரு கணினிக்கு வெளியே போகிற வாசலான கேட்வேயைத் தப்பாகப் போடுங்கள், ஒரு ரவுட்டரில் நெட்வொர்க்கின் அளவைச் சொல்கிற சப்நெட் மாஸ்க்கை மாற்றிவிடுங்கள், பிறகு நண்பனிடம் கொடுத்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவன் கெடுத்ததை நீங்கள் கண்டுபிடியுங்கள். இந்தத் தொழிலில் புதிதாக அமைப்பது கொஞ்ச நேரம், கெட்டுப்போனதைத் தேடுவதுதான் மிச்ச நேரம் எல்லாம்.

முதல் வேலை எப்படி இருக்கும் என்பதை எந்த வழிகாட்டி இணைப்பும் எழுதிப் பார்த்ததில்லை. நான் பார்த்தவரை தொடக்கச் சம்பளம் 15 ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது, பெரிய நிறுவனம் என்றால் கூடுதல், ஒப்பந்த நிறுவனம் வழியாகப் போனால் இன்னும் குறைவு. நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் எல்1 (முதல் நிலை) வேலை, அதாவது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது, இணைப்பு விழுந்தால் டிக்கெட் (கோளாறுப் பதிவு) போடுவது, வாடிக்கையாளரை அழைப்பது, அடுத்த நிலையான எல்2 ஆளை எழுப்புவது. மூன்று ஷிப்ட், இரவு ஷிப்ட் கட்டாயம், தீபாவளி அன்றும் யாராவது ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இல்லையென்றால் களப்பணி, ஏணியும் கிரிம்பிங் டூலும் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போவது. இதைக் கேட்டதும் 'பி.இ. படித்துவிட்டு கேபிள் இழுப்பதா' என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். கேபிள் இழுத்தவனுக்குத்தான் கேபிள்கள் வந்து சேருகிற பேட்ச் பேனலைப் பார்த்ததும் எது எங்கே போகிறது என்று தெரியும். இரண்டு வருடம் டிக்கெட் பார்த்த பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் அலாரத்தின் வரிசையைப் பார்த்தாலே மின்சாரம் போயிருக்கிறதா, ஃபைபர் அறுந்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்துவிடும், இதற்கு எங்கேயும் பாடப்புத்தகம் கிடையாது. ஆனால் ஒன்று, எல்1லேயே நாலைந்து வருடம் உட்கார்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். டிக்கெட்டை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். தள்ளிய டிக்கெட்டை எல்2 எப்படி முடித்தார் என்று மறுநாள் திறந்து படிக்கிறவர் மேலே போய்விடுகிறார்.

பி.இ.தான் வழி என்று நினைக்கவும் வேண்டாம். ஐ.டி.ஐ.யில் கணினி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புப் பராமரிப்பு என்று இரண்டாண்டுப் படிப்பும் இருக்கிறது. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்போடு குடும்ப நிலைமையால் நின்றுபோகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல படிக்கட்டு வேறு துறையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பிரிவிலேயே ஃபைபர் பிரச்சினை என்றால் நாங்கள் எல்லோரும் போய் நிற்பது ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த ஒருவரிடம்தான். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களையும் கண்காணிப்பு மையங்களில் நிறைய எடுக்கிறார்கள். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்தவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி இன்னொரு வழி, தென்மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது, ஓராண்டு உதவித்தொகையோடு நிறுவனத்துக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். லட்சம் கட்டிப் படிப்பதற்கும் காசு வாங்கிக்கொண்டு படிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரை மட்டும் பார்க்காதீர்கள். கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஊருக்கு ஊர் பிராட்பேண்டும் கொடுக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கிற ஓ.எல்.டி. என்ற ஃபைபர் பெட்டியின் ஒரே போர்ட்டிலிருந்து ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்கு ஒளி பிரிந்து போகிறது, வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளியின் வலிமை மைனஸ் 27 டி.பி.எம். (அதை அளக்கிற அலகு) என்ற அளவுக்குக் கீழே போய்விட்டால் இணைப்பு தள்ளாடும், அதையும் தாண்டினால் எல்.ஓ.எஸ். (ஒளி வரவில்லை) என்று சிவப்பு விளக்கு எரியும். மழை பெய்தால் ஏன் நெட் போகிறது என்று அளந்து பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள், ஃபைபரை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினும் அறுந்த இடத்தைக் காட்டுகிற ஓ.டி.டி.ஆரும் கையாளத் தெரிந்த ஆள், விழுப்புரத்திலும் தேவை, பரமக்குடியிலும் தேவை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கிற பாரத்நெட் வேலை தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் வழியாக நடக்கிறது. போட்டு முடித்த பிறகு அதைப் பராமரிக்க ஆள் வேண்டாமா, பள்ளம் தோண்டுகிற ஒவ்வொரு ஜே.சி.பி.யும் எங்களுக்கு ஒரு டிக்கெட்.

சென்னையை எடுத்துக்கொண்டால் கடல் வழியாகவே வேலை வருகிறது. சிங்கப்பூருக்குப் போகிற ஐ2ஐ என்ற கடலடி இணையக் கேபிள் 2002இல் இங்கே கரையேறியது, பிறகு சீ-மீ-வீ 4 வந்தது, 2020 ஆகஸ்டில் அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது. கேபிள் கரையேறுகிற ஊரில் டேட்டா சென்டர்கள் முளைப்பது இயற்கை, அம்பத்தூர், சிறுசேரி பக்கம் போனால் தெரியும். அங்கே ரேக்கில் பெட்டி ஏற்றுவது, பெட்டிகளுக்கு நடுவே கேபிள் இணைப்புக் கொடுக்கிற கிராஸ் கனெக்ட் போடுவது, எங்கோ வெளிநாட்டில் இருக்கிற இன்ஜினியர் சொல்லச் சொல்ல இங்கே போர்ட்டை மாற்றுவது என்று ஒரு தனி வேலையே இருக்கிறது. அது கீழ்மட்ட வேலை என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும், போட்டி குறையும்.

இனி எல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும், நெட்வொர்க் ஆளே வேண்டாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வேலை மாறுகிறது என்பது உண்மை. நூறு சுவிட்சில் ஒரே மாற்றத்தைச் செய்ய இன்று யாரும் ஒவ்வொன்றாக லாகின் பண்ணி உட்கார்ந்திருப்பதில்லை, பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட், அல்லது ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி. சி.சி.என்.ஏ. தேர்வின் பாடத்திட்டத்திலேயே ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம் இருக்கிறது. கட்டளை மட்டும் அடிக்கத் தெரிந்து, பைத்தான் பக்கமே போகமாட்டேன் என்கிறவருக்கு இன்னும் சில வருடங்களில் கஷ்டம்தான். ஆனால் 2021 அக்டோபர் 4 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்க விழுந்தன. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் முதுகெலும்பு இணைப்பு மொத்தத்தையும் அறுத்துவிட்டது, அதைத் தடுத்திருக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியில் பிழை இருந்ததால் அதுவும் விட்டுவிட்டது. டேட்டா சென்டர்களோடு தொடர்பு போனதும், தளத்தின் பெயருக்கு முகவரி சொல்கிற டி.என்.எஸ். சர்வர்கள் தங்கள் பி.ஜி.பி. அறிவிப்பைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டன, ஃபேஸ்புக் எங்கே இருக்கிறது என்றே இணையத்துக்குத் தெரியாமல் போனது. கடைசியில் ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போய்த்தான் சரி செய்தார்கள். தானியங்கி முறை வந்த பிறகு தப்பு நடந்தால் ஒரு சுவிட்சோடு நிற்பதில்லை, ஊரே இருண்டுவிடும். அந்த நேரத்தில் பி.ஜி.பி. எப்படி நடந்துகொள்ளும் என்று தலைக்குள் தெரிந்த ஆள் வேண்டும். கிளவுடும் அப்படித்தான், அங்கேயும் சப்நெட், ரூட் டேபிள், ஃபயர்வால் விதி எல்லாம் இருக்கின்றன, திரைதான் வேறு.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு ஷிப்ட், ஏணி, அலைச்சல் என்று சொல்லியே அவர்களை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை. வண்டி ஏற்பாடு செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, ஷிப்டே இல்லாத நெட்வொர்க் டிசைன், செக்யூரிட்டி வேலைகள் இருக்கின்றன. எங்கள் பிரிவில் ரவுட்டிங்கில் சிக்கல் என்றால் நாங்கள் கூப்பிடுகிறவர் ஒரு பெண்தான், அவர் தொடங்கியதும் எல்1 இரவு ஷிப்டில்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஆண்டு இணைப்பில் நெட்வொர்க்கிங்குக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும், எந்த மென்பொருள் இலவசம், முதல் வேலை எப்படி இருக்கும், ஐ.டி.ஐ.யிலிருந்து எப்படி மேலே வரலாம் என்று போடுங்கள். பயிற்சி மையத்தின் விளம்பரத்தைக் கட்டுரைபோல வடிவமைத்துப் போடாதீர்கள், விளம்பரம் என்றே மேலே எழுதுங்கள். 'வேலை உத்தரவாதம்' என்று விளம்பரம் தருகிறவரிடம், எந்த வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்கிய பிறகு அச்சிடுங்கள். பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், அடுத்த திருத்தத்தில் நெட்வொர்க் ஆய்வகத்தில் நாலே நாலு பயிற்சி சேருங்கள்: விலேன், டி.எச்.சி.பி., ஓ.எஸ்.பி.எஃப்., ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பது. பாக்கெட் ட்ரேசரே போதும், கல்லூரிக்குப் பைசா செலவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை.